வெள்ளம் வடிந்த பின் வரும் கடன்

சிந்து நதியின் வலது கரைப் பக்கம் மஞ்சர் என்றொரு ஏரி இருக்கிறது. பாகிஸ்தானின் மிகப் பெரிய நன்னீர் ஏரி என்று இன்னமும் சொல்கிறார்கள். நன்னீர் என்பது பழைய கதை. வயல்களின் வடிகால் கொண்டுவந்து சேர்த்த உப்பில் மீன் அற்றுப்போய், படகையே வீடாகக் கொண்டிருந்த மொகானா மீனவர்களில் பெரும்பாலோர் கரையேறி வெகுகாலம் ஆகிறது. 2022 ஆகஸ்டில் சிந்து மாகாணத்தில் வழக்கமாகப் பெய்வதைப்போல் எட்டு மடங்கு மழை பெய்தது. மலையிலிருந்து இறங்கிய நீரும் சேர்ந்துகொள்ள, செப்டம்பர் தொடக்கத்தில் ஏரி கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. கரை தானாக உடைந்தால் சேவன் முதலான ஊர்கள் போய்விடும். அதிகாரிகள் கரையை வெட்டிவிட்டார்கள். ஊர்களைக் காப்பாற்றக் கிராமங்களின் பக்கம் தண்ணீர் திருப்பப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

வெட்டியது தவறு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. வெட்டாமல் விட்டிருந்தால் சாவு கூடியிருக்கலாம். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகட்டும் என்று யாரோ தீர்மானிக்கிற ஒரு கட்டம் பெருவெள்ளங்களில் வந்துவிடுகிறது. தீர்மானிக்கிற இடத்தில் மூழ்கப்போகிற கிராமத்தின் ஆள் இருப்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அதே கேள்வி இன்னொரு விதமாக வருகிறது: நஷ்டம் எந்தப் பக்கம் போகட்டும்? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலக நாடுகள் கூடிக்கூடிப் பேசும் காலநிலை மாநாடுகளின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். வெப்ப அளவு, கரியமில வாயுக் கணக்கு, இலக்கு ஆண்டு பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை மட்டும் கடைசி நாள் நள்ளிரவுக்குத் தள்ளிப்போடுகிறார்கள்.

மூழ்கிய வயல்களில் பருத்தி நின்றது. பயிர் செய்தவர்களில் ஏராளமானோர் ஹாரிகள், அதாவது சொந்த நிலமில்லாத வாரக்குடிகள். விளைச்சலில் பாதி அவர்களுக்கு என்பது பேச்சு. விதை, உரம், பூச்சிமருந்து, இடையில் வீட்டில் ஒரு கல்யாணமோ பிரசவமோ வந்தால் அதற்கான செலவு எல்லாம் நிலக்கிழாரிடமிருந்து முன்பணமாக வரும். கணக்கு அவருடைய காரியஸ்தரின் நோட்டில் இருக்கும். வாங்கியவர்களில் பலருக்கு அதைப் படித்துப் பார்க்கத் தெரியாது. அறுவடையானதும் குடியின் பங்கில் முன்பணத்தைக் கழித்துக்கொள்வார்கள். கழித்தது போக ஏதாவது மிஞ்சினால் அந்த வருஷம் நல்ல வருஷம். 2022இல் கழித்துக்கொள்ள அறுவடையே இல்லை. பருத்தி செடியிலேயே அழுகிற்று. நோட்டில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. அடுத்துக் கோதுமை விதைக்க வேண்டும். வயலிலோ தண்ணீர் நிற்கிறது. அது வடியும்வரை குடும்பம் சாப்பிட்டாக வேண்டும். மறுபடியும் முன்பணம். நிலக்கிழாருக்கும் அந்த வெள்ளத்தில் நஷ்டம்தான். ஆனால் அவருடைய நஷ்டத்தில் ஒரு பகுதி, குடியிடமிருந்து வரவேண்டிய பாக்கியாக மாறி நோட்டில் பத்திரமாக இருக்கிறது. அவருக்கு அது ஒரு பருவத்தின் நஷ்டம். ஹாரிக்கோ அடுத்த தலைமுறைக்கும் சேர்த்துப் போட்ட விலங்கு.

பாகிஸ்தான் என்ற நாட்டுக்கும் அந்த ஆண்டில் இதேதான் நடந்தது. 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐக்கிய நாடுகள் சபை, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றோடு சேர்ந்து பாகிஸ்தான் அரசு எடுத்த மதிப்பீட்டின்படி அழிந்த சொத்து 1,490 கோடி டாலர். பொருளாதார இழப்பு அதற்கு மேல் 1,520 கோடி டாலர். கூடுதலாக 84 முதல் 91 லட்சம் பேர் வறுமைக்குள் விழக்கூடும் என்றும் அதே அறிக்கை சொன்னது. உலகம் ஆண்டுதோறும் வெளியேற்றும் வாயுக்களில் அந்நாட்டின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மழை முழுவதும் வெப்பமாதலின் வேலை என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. பேரிடர்களில் காலநிலை மாற்றத்தின் பங்கை அளக்கும் உலக வானிலைப் பண்புக்கூற்றுக் குழு, சிந்துவிலும் பலூசிஸ்தானிலும் கொட்டித் தீர்த்த அந்த ஐந்து நாள் மழையின் தீவிரத்தை வெப்பமாதல் 50 சதவீதம்வரை கூட்டியிருக்கலாம் என்று சில கணினி மாதிரிகள் காட்டுவதாக எழுதியது. வெள்ளச் சமவெளியில் வீடு கட்டியதும் வடிகால்கள் பராமரிப்பின்றிக் கிடந்ததும் சேதத்தைப் பெருக்கின என்பதையும் மறைக்கவில்லை. பழி இரண்டு பக்கமும் இருக்கிறது. செலவு மட்டும் ஒரு பக்கம் போயிற்று.

எப்படிப் போயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 9 அன்று ஜெனீவாவில் ஒரு நன்கொடையாளர் மாநாடு கூடியது. 900 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி என்று செய்தி வந்தது. பெரிய தொகை சொன்னவர்களின் பெயரைப் படித்தாலே விஷயம் புரிந்துவிடும்: இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 420 கோடி, உலக வங்கி 200 கோடி, ஆசிய வளர்ச்சி வங்கி 150 கோடி. வங்கிகள் கொடுப்பது கடன். வாக்களிக்கப்பட்டதில் மிகப் பெரும்பகுதி மூன்று ஆண்டுகளில் திட்டக் கடனாக வரும் தொகைதான். ஆறு மாதம் கழித்து, திவாலாகும் நிலையிலிருந்த நாட்டுக்குப் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் கடன் தந்தது. அதற்கு ஈடாக வரியும் மின்கட்டணமும் ஏறின. ஆகஸ்டில் கராச்சியிலும் பெஷாவரிலும் மக்கள் மின்கட்டணச் சீட்டைத் தெருவில் கொளுத்தினார்கள். முந்தைய ஆகஸ்டில் அதே நாட்டில் வெள்ளம்.

கடனே கூடாது என்பதல்ல என் வாதம். சூரிய மின்நிலையம் கட்டக் கடன் வாங்கினால் மின்சாரம் விற்றுக் கட்டிவிடலாம். அங்கேகூட ஏழை நாடுகளுக்கு விதிக்கப்படும் வட்டி ஓர் அநியாயம். அவற்றில் ஒரு மின்நிலையத்துக்கு முதல் திரட்ட ஆகும் செலவு பணக்கார நாடுகளில் ஆவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வெயில் அதிகம் உள்ள நாட்டில் சூரிய மின்சாரம் விலை கூடிப்போவது இப்படித்தான். ஆனால் இடிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டுவது வேறு சங்கதி. அதில் புதிய வருமானம் எதுவும் வராது. வெள்ளத்துக்கு முந்தின நாள் நின்ற இடத்துக்குத் திரும்பி வருவதற்கே கடன். திரும்பி வந்து சேர்வதற்குள் அடுத்த மழை. 2017இல் மரியா சூறாவளி ஒரே இரவில் டொமினிக்கா தீவில் விளைவித்த சேதம், அந்நாட்டின் ஆண்டு மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதை எந்த வருமானத்திலிருந்து, எத்தனை தலைமுறைக்குள் அடைப்பது என்று கேட்டால் எந்த வங்கியிடமும் பதில் இருக்காது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டு சொன்னவர்கள் இருந்தார்கள். ஐ.நா.வின் காலநிலை ஒப்பந்தமான ரியோ ஒப்பந்தம் உருவாகிக்கொண்டிருந்த 1991இல், சிறுதீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனை வைத்தது. கடல்மட்டம் உயர்வதால் வரும் இழப்பை ஈடுசெய்ய ஒரு பன்னாட்டுக் காப்பீட்டுத் தொகுப்பு வேண்டும்; அதற்குத் தொழில்மயமான நாடுகள் தங்கள் செல்வத்தையும் தங்கள் புகையையும் அளவுகோலாக வைத்துப் பணம் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில் பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கை ஏறியது. வனுவாட்டுவின் யோசனையிலிருந்து காப்பீடு என்ற சொல் மட்டும் ஒரு மூலையில் தங்கியது. 2015இல் பாரீஸ் ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு இழப்பையும் சேதத்தையும் அங்கீகரித்தது. அதே கையோடு, இந்தப் பிரிவை வைத்து யாரும் பொறுப்போ இழப்பீடோ கோர முடியாது என்று மாநாட்டின் தீர்மானத்தில் தனியாக ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். அமெரிக்கா கையெழுத்திட அந்த வரிதான் விலை.

இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி ஒன்று வேண்டும் என்று 2022 நவம்பரில் ஷார்ம் எல் ஷேக் காலநிலை மாநாடு ஒத்துக்கொண்டதற்கு, அந்த ஆண்டு வளரும் நாடுகளின் ஜி77 கூட்டமைப்புக்குப் பாகிஸ்தான் தலைமை வகித்ததும் சிந்துவின் வெள்ளப் படங்கள் எல்லார் மனதிலும் இருந்ததும் காரணம். வனுவாட்டு கேட்டதிலிருந்து முப்பத்தோர் ஆண்டு. மறு ஆண்டு துபாய் மாநாட்டின் முதல் நாளே நிதி செயல்பாட்டுக்கு வந்தது. கைதட்டல் எழுந்தது. ஜெர்மனி 10 கோடி டாலர், ஐக்கிய அரபு அமீரகம் 10 கோடி, வரலாற்றில் வேறெந்த நாட்டையும்விட அதிகப் புகையை வெளியேற்றிய அமெரிக்கா 1.75 கோடி, ஜப்பான் 1 கோடி. மாநாடு முடியும்போது எல்லாம் சேர்த்துச் சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரே வெள்ளத்தில் போனது 3,000 கோடி டாலர். நிதியை எங்கே வைப்பது என்பதில் வளரும் நாடுகள் தோற்றன: இடைக்காலத்துக்கு உலக வங்கியில். 2025 மார்ச்சில் அந்த நிதியின் ஆட்சிக் குழுவிலிருந்து அமெரிக்கா விலகிக்கொண்டது.

பெரிய தொகைகளின் கதையும் இப்படித்தான். வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் பணக்கார நாடுகள் சொல்லின. 2020க்குள் எட்டுவதாகப் பேச்சு. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் சொந்தக் கணக்கிலேயே அந்த ஆண்டு வந்தது 8,330 கோடி. அதில் கடன் எவ்வளவு, சந்தை வட்டிக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம், உண்மையான உதவியின் மதிப்பு 2,100 முதல் 2,450 கோடிக்குள்தான் இருக்கும் என்றது. கடனின் முழு முகமதிப்பும் உதவிக் கணக்கில் ஏறுகிறது. திரும்பி வரும் அசலும் வட்டியும் கழிக்கப்படுவதில்லை. ஹாரிக்குக் கொடுத்த முன்பணத்தை நிலக்கிழார் தன் தர்மக் கணக்கில் எழுதிவைத்தால் என்ன சொல்வோமோ அதைத்தான் இதற்கும் சொல்ல வேண்டும். 2024இல் பாக்கு நகரில் கூடிய மாநாட்டில் புதிய இலக்கு வந்தது: 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி. ஆட்சேபிக்க இடம் தராமல் தலைமை சுத்தியலைத் தட்டித் தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகு, இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து இதை ஏற்கவில்லை என்று பதிவு செய்தார். இந்தக் கணக்கிலும் கடன் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. கொடுக்கிற பணம் ஏழைக்குப் போகுமா, இல்லை அந்தந்த நாட்டு நிலக்கிழாருக்குப் போகுமா? நியாயமான கேள்வி. சிந்துவில் எந்தக் கரையை எங்கே வெட்டுவது என்பதில் செல்வாக்குள்ளவர்களின் வயல்களும் பேசும் என்பது ஊரறிந்த குற்றச்சாட்டு. சீனா இன்று மற்றெல்லோரையும்விட அதிகம் புகைவிடுகிறது. பாகிஸ்தானின் வெளிக்கடனில் ஏறக்குறைய கால்வாசி சீனாவுக்குத்தான். அதுவும் ஏழை நாடு என்ற வரிசையில் நின்றுகொண்டு தப்பிக்கலாமா? கூடாது. இந்தியாவுக்கும் இது பொருந்தும். உயிர்வாழ்வதற்கான வாயுவும் சொகுசுக்கான வாயுவும் ஒன்றல்ல என்று 1991இல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதினார்கள். நெல்வயலின் மீத்தேனையும் அமெரிக்கக் காரின் புகையையும் ஒரே கணக்கில் சேர்ப்பது அநீதி என்ற அந்த வாதம் இன்றுவரை உலகமெங்கும் எடுத்தாளப்படுகிறது. அந்தக் கோடு நாடுகளுக்கு நடுவில் மட்டும் ஓடவில்லை. நம் நகரங்களுக்குள்ளும் ஓடுகிறது. நெல்வயலைக் காட்டி மாளிகைக்கு வாதாடும் வேலையை இந்தியா செய்யக் கூடாது. ஆனால் இந்த வாதங்கள் எதுவும் கடனை நியாயப்படுத்துவதில்லை. ஹாரிக்கு நேரடியாகப் பணம் போகும் வழியைத் தேடச் சொல்கின்றன. சீனாவையும் வளைகுடா நாடுகளையும் பணம் கட்டச் சொல்கின்றன. இரண்டும் சரி.

கடனைக் குறைப்பது நடக்காத காரியம் என்பார்கள். 1953 பிப்ரவரி 27 அன்று லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் இரண்டாம் போருக்குப் பின்னும் ஜெர்மனி வாங்கியிருந்த கடன்களில் ஏறக்குறைய பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. மீதியை நீண்ட தவணையில், ஏற்றுமதியில் மிஞ்சுவதிலிருந்து கட்டினால் போதும் என்ற எண்ணத்தோடு தவணைகள் அமைந்தன. உலகத்தையே தீக்கிரையாக்கிய நாடு அது. நசுக்கினால் மறுபடி விபரீதம் வரும் என்ற நடைமுறை ஞானமும், அமெரிக்காவுக்குத் தன் பக்கம் ஒரு வலுவான மேற்கு ஜெர்மனி தேவைப்பட்டதும் காரணங்கள். கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கையெழுத்திட்ட நாடுகளில் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டுமல்ல, விடுதலையாகி ஆறு வருஷம்கூட நிறையாத பாகிஸ்தானும் ஐந்தே வருஷமான இலங்கையும் உண்டு. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டில் பாகிஸ்தான் மூழ்கியது. இருவருக்கும் லண்டன் ஒப்பந்தம் போல ஒன்று எழுதப்படவில்லை.

சின்ன அளவில் வேறொன்று எழுதப்பட்டிருக்கிறது. கரீபியக் கடலின் கிரெனடா 2015இல் தன் கடனை மறுசீரமைத்தபோது கடன் பத்திரங்களில் ஒரு விதியைச் சேர்க்கவைத்தது: சூறாவளி குறிப்பிட்ட அளவைத் தாண்டி அடித்தால் தவணையை அரசே தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பார்படாஸ் 2018இல் அதையே செய்தது. அதன் பிரதமர் மியா மோட்லி மேடைக்கு மேடை இதைப் பேசிவருகிறார். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி கிரெனடாவின் காரியாகூ தீவைத் தரைமட்டமாக்கியது. அடுத்த மாதமே அரசு விதியைப் பயன்படுத்தித் தவணையை நிறுத்தியது. சந்தை இடிந்து விழவில்லை. தவணைக்குப் போகவேண்டிய பணம் கூரைக்குப் போயிற்று. இது தள்ளுபடி அல்ல, தள்ளிப்போடுதல்தான். ஆனாலும் புயல் அடித்த மாதத்தில் கையில் இருக்கும் பணத்தின் மதிப்பு வேறு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வந்தன. தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், நின்ற சரிவுகளும் அவற்றில் உண்டு. ஐந்தாறு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையகத் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் இருக்கும் லயத்துக்கோ அதன் அடிநிலத்துக்கோ உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி இல்லாதவர் வீட்டை இழந்தால் எதைக் காட்டி இழப்பீடு கேட்பார்? மஞ்சர் கரையில் ஹாரி நின்ற இடத்தில்தான் இவர்களும் நிற்கிறார்கள். சேதம் சுமார் 410 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. பன்னாட்டு நிதியம் அவசரமாக 20 கோடி டாலர் அளித்தது, கடனாக. கடன் தவணையை நிறுத்திவையுங்கள் என்று ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஜெயதி கோஷ் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கேட்டார்கள். இந்தியா முதல் நாளிலேயே கப்பலும் மீட்புப் படையும் அனுப்பியது. நல்ல அண்டை வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைச் செய்தது. பிறகு அறிவித்த 45 கோடி டாலர் தொகுப்பில் 10 கோடி நன்கொடை, 35 கோடி சலுகைக் கடன். பாக்குவில் நாம் எதிர்த்த ஏற்பாட்டின் சிறு வடிவம் இது. வட்டி குறைவு என்பதால் அதன் குணம் மாறிவிடாது.

2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் ஒருமனதாக ஒரு கருத்துரை வழங்கியது. வனுவாட்டுவின் தலைநகரான போர்ட் விலாவில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சி ஐ.நா. பொதுச்சபை வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. காலநிலையைக் கெடுக்காமல் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றது நீதிமன்றம். கடமை தவறி, அதற்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால் இழப்பீடு தர நேரிடும். கருத்துரை யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் பாரீஸில் தீர்மானத்தில் ஒரு வரி எழுதி அடைத்த கதவைச் சட்டம் வேறு பக்கத்தில் திறந்துவிட்டது. இனி இழப்பீடு கேட்பவரைப் பிச்சை கேட்பவராக நடத்துவது கடினம்.

அதற்காக நீதிமன்றங்களின் இறுதித் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பேரிடர் வந்தால் தவணை நிற்கும் என்ற விதி எல்லாக் கடன் பத்திரத்திலும் வேண்டும். இழந்ததைத் திரும்பக் கட்டத் தரும் பணம் கடனாக இருக்கக் கூடாது. கடனை உதவிக் கணக்கில் எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். நாட்டுக்குள் வரும் பணம் ஹாரியின் பெயருக்கும் லயத்தில் இருப்பவர் பெயருக்கும் நேராகப் போக வேண்டும். அதற்கு முதல் படியாக அவர்கள் பெயரில் நிலம் வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. வாஷிங்டனும் பிரஸ்ஸல்ஸும் செய்யட்டும் என்று இந்தியா காத்திருக்கவும் வேண்டாம். கொழும்புக்குக் கொடுத்த 35 கோடியைக் கடன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த மாநாட்டுக்குப் போகட்டும். அங்கே நம் பிரதிநிதி பேசும்போது எதிரில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கும்.